ஒரு குடம் தண்ணீர்

கேளுங்கள், சொல்கிறேன். ஐராவதி ஆற்றங்கரையில், பர்மா தேசத்தில், முன்னொரு காலத்தில் மின்தூரியா என்று ஒரு ராஜா இருந்தான். அவனிடம் எல்லாம் இருந்தது. வெள்ளை யானை மட்டும் இல்லை. அந்த ஏக்கம் அவனைத் தூங்கவிடவில்லை. அவன் ஊரைத் தூங்கவிடவில்லை.

அவனுடைய யானைப்பாகன் பெயர் லூன். வெள்ளை யானையைச் சோதிப்பது அவன் வேலை. பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். சாதாரண யானை என்றால் தோல் கறுக்கும். அசல் என்றால் சிவக்கும். அவ்வளவுதான்.

வடக்கே ஒரு வெள்ளை யானை என்றார்கள். ராஜா படையெடுத்தான், வென்றான், யானையைக் கொண்டுவந்தான். லூன் தண்ணீர் ஊற்றினான். பூசியிருந்த சுண்ணாம்பு கரைந்து ஓடியது, தோல் கறுத்தது. அந்தப் போரில் லூனின் அண்ணன் செத்தான்.

கிழக்கே ஒன்று என்றார்கள். மறுபடி போர், மறுபடி தண்ணீர், மறுபடி கறுப்பு. தம்பி செத்தான்.

தெற்கே ஒன்று என்றார்கள். இந்த முறை லூனுடைய ஒரே மகனின் கையில் ஈட்டியைக் கொடுத்தார்கள்.

லூன் மந்திரியிடம் ஓடினான். “ஐயா, என்னை ஒரு குடத்தோடு முன்னால் அனுப்புங்கள். ஊற்றிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். பிறகு சண்டை போடுங்கள்.”

“முறை என்று ஒன்று இருக்கிறதப்பா,” என்றார் மந்திரி. “அரண்மனை முற்றத்தில்தான் சோதிக்க வேண்டும். முதலில் போர், பிறகு தண்ணீர்.”

லூன் தலையில் அடித்துக்கொண்டான். இவர்களுக்கு யானையே தேவலை. நில் என்றால் நிற்கவாவது நிற்கும்.

படை புறப்படும் நாள் வருஷப் பிறப்பு. அந்தத் திருவிழா நாட்களில் அங்கே யார்மேலும் யாரும் தண்ணீர் ஊற்றலாம், கோபிக்கக் கூடாது. முற்றத்துக்கு வந்த ராஜாவின் மேல் எல்லோரும் வெள்ளிக் கிண்ணத்திலிருந்து நாலு சொட்டுத் தெளித்தார்கள். லூன் சோதனைக் குடத்தைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்தான்.

ராஜாவின் முகம் சிவந்தது. காது சிவந்தது. கழுத்தும் சிவந்தது.

“சிவந்துவிட்டது!” என்று கத்தினான் லூன். “அசல்தான், மகாராஜா! முறைப்படி இதே முற்றத்தில் பார்த்தாயிற்று. அசல் இங்கேயே நிற்கும்போது, இன்னொன்றைத் தேடி என் பிள்ளை எதற்குச் சாக வேண்டும்?”

ராஜா சொட்டச் சொட்ட நின்றான். கோபிக்கவும் வழியில்லை.

“குடத்தை நிரப்பு,” என்றான் கடைசியில். “ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு உன் மகனும் உன்னோடு வரட்டும். தெற்கே போய் நீங்களே ஊற்றிப் பாருங்கள்.”

போனார்கள். அங்கேயும் திருவிழா, யாரும் தடுக்கவில்லை. ஊற்றினார்கள். கறுத்தது.

ஒரு பொருளுக்காக அடுத்தவர் உயிரைக் கேட்கிறவன், அது அசல்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.