துளை விழுந்த ஆரஞ்சு

“எவனோ ஒருத்தன் இந்தக் குகைப் பழத்தைக் கெடுக்கிறான். கையில் சிக்கட்டும், வாலைப் பிய்த்துவிடுகிறேன்!” என்று அணில் கத்தியது.

குகைக்குள் ஆரஞ்சுப் பழங்கள் குவிந்து கிடந்தன. மரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்த மந்திக்காக மற்ற விலங்குகள் சேர்த்த பழங்கள் அவை. அடைமழை பிடித்துவிட்டது. மந்தியால் மரமேற முடியாது. மடியில் பால்குடிக் குட்டி வேறு. இந்தப் பழமும் போனால் இரண்டு உயிருக்கும் பட்டினிதான்.

ஆனால் குவியலில் பாதிக்குப் பச்சைப் பூசணம் பிடித்திருந்தது.

“மழை ஈரம்தான், வேறென்ன?” என்றது கரடி.

“ஈரமென்றால் எல்லாமே கெட்டிருக்க வேண்டாமா, மாமா? நல்லாப் பாரும். முதலில் அழுகினதில் எல்லாம் ஊசி குத்தின மாதிரி துளை. பூசணம் அந்த வழியாக உள்ளே போயிருக்கு. பக்கத்தில் ஒட்டிக் கிடந்ததையும் பிடிச்சிருக்கு” என்றது அணில்.

அப்போது முள்ளம்பன்றி நனைந்துகொண்டே உள்ளே வந்தது. அதன் முதுகு முட்களில் நாலு ஆரஞ்சுகள் குத்தியிருந்தன.

எல்லாம் அதையே பார்த்தன. முள்ளம்பன்றிக்குப் புரிந்துவிட்டது.

“ஒரு நடைக்கு நாலு பழம் வருமே என்றுதான்...” என்றது. மூலையில் போய் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதது.

அணில் வாயைத் திறக்குமுன் மந்தி முந்திக்கொண்டது.

“அந்த நாலையும் இப்படிக் கொடுங்கள், அண்ணே. குத்துப்பட்டதை உடனே தின்றுவிட்டால் பூசணத்துக்கு அங்கே என்ன வேலை? என் பிள்ளைக்காக உங்களைப்போல மழையில் நடந்தவர் யார்?”

ஒற்றைக் கையால் ஒரு பழத்தை உரித்துத் தின்றது. குட்டி பாலுக்கு முட்டியது.

அணிலின் கோபம் பாதி இறங்கியது. மீதியை அது விடவில்லை.

“சரிக்கா, உனக்காகப் பேர் சொல்லவில்லை. ஆனால் குத்தினவர் யாரோ, அவர் சும்மா உட்காரக் கூடாது. பூசணம் பிடிச்சதைத் தூரக் கொண்டுபோய்ப் புதைக்கணும். துளை விழுந்ததை உன் பக்கத்தில் வைக்கணும். நல்லதை ஈரம் போகத் துடைச்சு, ஒன்றோடொன்று இடிக்காமல் காய்ந்த சருகில் பரப்பணும். மிச்சம் தப்பினால் மழை விடுகிறவரை உனக்குப் போதும். இனிமேல் பழம் கரடி மாமா கையில்தான் வரும்.”

அன்பினால் கெடுத்தாலும் கெட்டது கெட்டதுதான். ஆகவே கெடுத்தவரே, அழுதது போதும், எழுந்து வந்து உம் கையாலேயே அதைச் சரிசெய்யும்.