ஒரு கை உப்பு

அந்த மடத்தில் ஒரு வழக்கம். சாமிக்குப் படைக்கும்வரை கஞ்சியை யாரும் ருசி பார்க்கக் கூடாது, பேசவும் கூடாது. குடிக்கும்போது கண் தன் கலயத்தை விட்டு நகரக் கூடாது.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற பிச்சாண்டிக்கு இதில் கடைசி வழக்கம்தான் கஷ்டம். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காத ஆள் மாதிரியே தெரியும் அவருக்கு. வீட்டை விட்டு வந்து தவம் கிடந்ததற்குப் பலனாக, விடிந்தால் அவருக்குக் காவி தருவதாக இருந்தார்கள். யார்மேலாவது கை ஓங்கியவருக்குக் காவி கிடையாது.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். அன்றைக்கு முடியவில்லை. கஞ்சி குடித்த வாயோடு உமையாள் அம்மையிடம் போய் நின்றார். மடத்துக்குத் தலைவி, அவருக்கு மகள் வயது.

"அம்மா, சமையல்கார தணிகாசலம் என் கலயத்துல மட்டும் உப்பை அள்ளிக் கொட்டுறான்."

"பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? வந்த அன்னிக்கே கஞ்சி சப்புன்னு இருக்குன்னு சொன்னேன். அதுக்குப் பழி வாங்குறான்."

அம்மை தன் கலயத்தை நீட்டினார். பிச்சாண்டி ஒரு வாய் குடித்தார். ஒரே கரிப்பு.

"அடப்பாவி! உங்களுக்குமா?"

மூலையில் கிடந்த அகப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"நாளைக்குக் காவி," என்றார் அம்மை.

"காவி போனாப் போகுது. அவன் கையை உடைச்சிட்டு ஊருக்குப் போறேன்."

அம்மை எழவில்லை. இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். தணிகாசலம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கஞ்சிக்கு எவ்வளவு உப்புப் போடுறீங்க?"

"எப்பவும் அரைக் கை. ஐயா குறை சொன்னதுலேர்ந்து முழுக் கை. எனக்கே கரிக்குது. சரி, அவருக்கு இதுதான் பிடிக்கும்போலன்னு விட்டுட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லலையே."

பிச்சாண்டியின் கையிலிருந்த அகப்பை தானாகக் கீழே இறங்கியது.

"என்ன?" என்றார் அம்மை.

"நான் சொன்னதுக்காகவே இவன் உப்பைக் குறைப்பான்னு நெனச்சேன். விறகு போடப் போறப்போ, தினமும் பானையில நானும் ஒரு கை..."

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிச்சாண்டிக்கு அழுகை வந்தது. காவி கேட்க இனி எந்த முகத்தோடு நிற்பது?

"இன்னும் கை ஓங்கலையே. நாளைக்குக் குளிச்சிட்டு வாங்க," என்றார் அம்மை.

வாசல்வரை போனவர் திரும்பினார். சந்தேகம் அவரை விட்டால்தானே!

"அம்மா, தினமும் நீங்களும் இதைத்தானே குடிச்சீங்க? ஏன் யாரையும் ஒரு வார்த்தை கேட்கலை? கோபமே வராதா உங்களுக்கு?"

"முதல் நாளே வந்துது. அந்தக் கோபத்துல கேட்டிருந்தா, நானும் உங்களை மாதிரி தணிகாசலத்தை மட்டும்தான் கேட்டிருப்பேன்."