எவராயினும்

நெடுங்குன்றூர் ராஜா திருவிக்கிரமனிடம் ஒரு பழக்கம் உண்டு. சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டதும், கூடவே ஒரு சட்டமும் போட்டுவிடுவார். ஊர் அவருடைய ஜீரணத்தை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்தது.

மழை இல்லாத வருஷம் அது. அரசாங்க அன்னசாலையில்தான் பாதி ஊருக்குச் சாப்பாடு. ஒரு மத்தியானம் மந்திரி அகத்தீசர் வந்து நின்றார்.

"மகாராஜா, அபின், கஞ்சா வழக்கில் உள்ளே போய் வந்தவர்களும் அன்னசாலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நம் சோற்றைத் தின்று தெம்பாகி, மறுபடி அதே வேலைக்குத்தான் போவார்கள்."

ராஜா வெற்றிலையை மென்றபடியே சொன்னார்: "எழுதும். அபின், கஞ்சா விஷயமாக ஒரு தரம் தண்டனை பெற்றவர் எவராயினும், ஆயுள் உள்ளவரை அன்னசாலைக்குள் வரக் கூடாது."

அவையில் காரிக்கண்ணன் என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு என்ன உத்தியோகம் என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. ராஜாவுக்கு அலுப்புத் தட்டினால் பேச வேண்டும், அவ்வளவுதான்.

"கொலை செய்தவன், மகாராஜா?" என்று கேட்டான்.

"அவன் தண்டனை முடிந்ததும் வந்து சாப்பிடலாம். திருந்தியிருப்பான்" என்றார் மந்திரி.

"நல்லது. 'எவராயினும்' என்பது எவராயினும்தானா?"

"என் கூடப்பிறந்தவனே ஆனாலும்!" என்று ராஜா தொடையைத் தட்டினார். முரசறைந்து ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

நாலு நாள் கழித்துக் காரிக்கண்ணன் அன்னசாலைப் பக்கம் போனான். வாசலில் சேவந்தி என்ற பெண், இடுப்பில் ஐந்து மாதக் குழந்தையோடு காவலனிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். புருஷன் பிழைப்புத் தேடி வடக்கே போனவன், தகவல் இல்லை.

காவலன் நல்ல மனிதன்தான். "புள்ளைக்கு உண்டும்மா. குழந்தை என்ன பாவம் பண்ணிச்சுன்னு மந்திரி இரக்கப்பட்டு உத்தரவு போட்டிருக்கார். இந்தா, அதோட பங்கு. ஆனா நீ ஒரு பருக்கை வாயில போடக் கூடாது. நான் பாத்துட்டே நிக்கணும்."

"பல்லு மொளைக்காத புள்ளைங்க! எம் பாலுதான் இதுக்குச் சோறு. அதுவும் வத்திப் போச்சு. எனக்கு ஒரு கவளம் போட்டா அது இதுக்குத்தானே போய்ச் சேரும்?"

"அதுக்குச் சட்டத்துல வழி இல்லையே."

காரிக்கண்ணன் அருகில் போய் விசாரித்தான். சேவந்தி ஒளிக்கவில்லை. "கூலிக்கு அபின் மூட்டை சுமந்தேன் சாமி. தெரிஞ்சேதான் சுமந்தேன். ஒரு வருஷம் சிறையில நெல்லுக் குத்தினேன். அந்த அரிசியெல்லாம் இந்த அன்னசாலைக்குத்தான் வந்துச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே தலை வச்சதில்ல. உள்ள இருந்தப்போ ராஜா ரெண்டு வேளை சோறு போட்டாரு. வெளிய வந்ததுதான் தப்பாப் போச்சு."

காரிக்கண்ணன் மடியில் வைத்திருந்த அவலை அவளிடம் கொடுத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வா" என்றான். கிழட்டுப் பாகர் ஒருவர் எப்போதோ உளறியது ஞாபகம் வர, அங்கிருந்து நேரே அரண்மனை யானைக் கொட்டாரத்துக்குப் போனான். ஒரு தூணில் மட்டும் சுண்ணாம்பு ஏழெட்டுப் பூச்சு ஏறியிருந்தது. கத்தியால் சுரண்டினான். படித்தான். பாகர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.

வெள்ளிக்கிழமைகளில் அன்னசாலையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா நேரில் வந்து முதல் அகப்பைச் சோற்றைச் சாப்பிட வேண்டும். புழுத்த அரிசியைப் பொங்கிப் போடும் தைரியம் யாருக்கும் வரக் கூடாதென்று ராஜாவின் பாட்டனார் ஏற்படுத்தியது. ராஜா வாய் வைக்காமல் வேறு யாருக்கும் இலையில் சோறு விழாது.

அந்த வெள்ளிக்கிழமை வாசல் காவலை ஒரு நாளைக்குத் தனக்குத் தரும்படி காரிக்கண்ணன் கேட்டு வாங்கியிருந்தான். முந்நூறு இலை போட்டு ஜனங்கள் காத்திருந்தார்கள். ராஜா வந்தார். காரிக்கண்ணன் தடியைக் குறுக்கே நீட்டினான்.

"என்ன விளையாட்டு இது?"

"எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் மகாராஜா. அபின், கஞ்சா விஷயமாக எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா?"

"உனக்குப் பைத்தியமா?"

காரிக்கண்ணன் ராஜாவின் காதருகே குனிந்தான். "'நம் புத்திரன் பாகரோடு கூடிக் கஞ்சாப் புகைத்தபடியால், நாற்பது நாள் யானைச் சாணம் அள்ளக் கடவன்.' உங்கள் தகப்பனார் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார். எழுத்து நல்ல ஆழம்."

ராஜாவின் முகம் வெளுத்தது. "அப்போது எனக்குப் பதினெட்டு வயது!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"சட்டத்தில் வயது பற்றி ஒன்றும் இல்லை."

"தண்டனையைத்தான் அனுபவித்துத் தீர்த்துவிட்டேனே! நாற்பது நாளும் அள்ளினேன்!"

"அனுபவித்துத் தீர்த்தவர்களுக்குத்தான் இந்தச் சட்டமே, மகாராஜா."

"அதற்குப் பிறகு தொட்டதுகூட இல்லை!"

"அதோ நிற்கிறாளே சேவந்தி, அவளும் இதையேதான் சொன்னாள். மீசை இல்லாததால் எடுபடவில்லை."

உள்ளேயிருந்து சமையற்காரர் கத்தினார்: "மகாராஜா, சோறு ஆறுது! நீங்க வாய் வைக்காம நான் அகப்பையைத் தொட முடியாது!" முந்நூறு வயிறுகள் வாசலைப் பார்த்தன.

பக்கத்தில் நின்ற மந்திரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "மகாராஜாவுக்கு மட்டும் விலக்கு என்று ஒரு வரி சேர்த்துவிடலாமே" என்று இழுத்தார்.

"தாராளமாக" என்றான் காரிக்கண்ணன். "எதற்காக விலக்கு என்ற காரணத்தையும் சேர்த்து எழுதி, முரசறைந்து தெருத்தெருவாகப் படித்துவிடலாம்."

"வேண்டாம்!" என்று ராஜா அலறினார். அப்புறம் சேவந்தியைப் பார்த்தார். அவள் இடுப்பில் குழந்தை வெறும் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. "அகத்தீசரே, அந்தச் சட்ட ஓலையைக் கொடும்." வாங்கி, எல்லார் எதிரிலும் நாலாகக் கிழித்தார். ஜனங்களுக்குக் காரணம் தெரியவில்லை. ராஜாவின் கருணையைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ராஜா உட்கார்ந்து அவசரமாக முதல் கவளத்தை விழுங்கினார். இரண்டாவது அகப்பை சேவந்தியின் இலையில் விழுந்தது. அவள் தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

கை கழுவியதும் ராஜாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. கழுத்து மாலையைக் கழற்றினார். "படுபாவி, இதை வாங்கிக்கொள்! இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"மாலை இருக்கட்டும் மகாராஜா. அந்தத் தூணுக்கு மட்டும் இனிமேல் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம். அடுத்த சட்டம் எழுதுவதற்கு முன்னால் நீங்கள் ஒரு நடை போய்ப் படித்துவிட்டு வரவேண்டியிருக்கும்."