நாலு மாத்திரை

தவமணிக்கு வயது நாற்பத்தொன்று. அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த தில்ஷாத்துக்கு முப்பத்தாறு. ஆபீசில் எல்லோரும் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவனுக்கு மட்டும் வாய் வராது. மேடம் என்பான்.

மருந்து வாங்குகிற ஆப் அவர்களுடையது. அதில் எது இருக்கலாம், எது கூடாது என்று முடிவு செய்கிற புராடக்ட் மேனேஜர் பதவி ஒன்று காலியானது. தவமணி படிவத்தோடு அவள் அறைக்குப் போனான். ஒரு கட்டம் மட்டும் நிரப்பவில்லை.

"பட்டம்னு கேட்டிருக்கு மேடம்."

"இல்லைன்னு எழுதுங்க."

"டிகிரி இல்லாதவன் இதுல மேல போக முடியுமா?"

தில்ஷாத் கைப்பையிலிருந்து தலைவலி மாத்திரை அட்டை ஒன்றையும், மேஜையிலிருந்து கத்தரிக்கோலையும் எடுத்து நீட்டினாள்.

"நாலு வெட்டிக் கொடுங்க."

அட்டையைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பிடித்து மறுமுனையிலிருந்து வெட்டினான்.

"ஏன் திருப்புனீங்க?"

"அந்த முனையில தேதி இருக்கு மேடம். அதை வெட்டிட்டா, மிச்சத்தை வாங்குறவங்களுக்குக் காலாவதி தெரியாது."

"சொந்தத் தொழில்ல கத்துக்கிட்டதா?"

தவமணிக்குக் காது சுட்டது. வேலைக்குச் சேரும்போது, முன்பு சொந்தத் தொழில் செய்ததாகத்தான் அவன் எழுதிக் கொடுத்திருந்தான். பிளஸ் டூ முடித்த கையோடு பெரம்பூர் மெடிக்கல் ஷாப் ஒன்றில் ஒன்பது வருடம் மாத்திரை வெட்டியதை எவனிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்ன, குடியா முழுகிவிடும்? அவனுக்கு முழுகிவிடும்.

"போன மாசம், முழு அட்டையாத்தான் விக்கணும்னு முடிவு பண்ணினோம். நீங்களும் இருந்தீங்க."

"இருந்தேன்."

"கடையில நாலு, அஞ்சுன்னு வாங்குறவங்க எத்தனை பேரு?"

"பாதிப் பேரு."

"ஏன் சொல்லல?"

"எப்படித் தெரியும்னு கேப்பாங்க. எல்லாரும் எம்பிஏ. நான் கவுண்டர்ல நின்னவன்னு..."

அவள் தன் போனை அவன் பக்கம் தள்ளினாள். வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மாள் யாரையோ விட்டு எழுதியிருந்த புகார்.

'கால் நடக்காது. அதான் ஆப்புல வாங்குறேன். பிரஷர் மாத்திரை எப்பவும் நாலு நாலாத்தான் வாங்குவேன். இப்ப பதினஞ்சா வாங்கணும்னு வருது. என்னால ஆவாது. மூணு நாளா மாத்திரை போடல.'

தவமணி இரண்டு தரம் படித்தான். தலை நிமிரவில்லை. படிவத்தை மட்டும் மெல்ல நாலாக மடித்தான்.

"இப்ப வேணாம் மேடம். தபால்ல ஒரு டிகிரி முடிச்சிட்டு வர்றேன். மூணு வருஷந்தான். அப்புறம் மீட்டிங்ல தைரியமாப் பேசுவேன்."

"தாராளமாப் படிங்க," என்றாள் தில்ஷாத். "மூணு வருஷம் பொறுத்துக்கச் சொல்லி அந்தம்மாகிட்ட நீங்களே பேசிடுங்க. நம்பர் கீழே இருக்கு."