அண்டாவுக்குப் போன சுங்குடி

ஒரு சேலைக்கு ஆயுசு முடிந்துவிட்டது என்று நீங்கள் எப்போது சொல்வீர்கள்? சாயம் வெளுத்தாலா, கரை நைந்தாலா, இல்லை பீரோவில் புதுசு வைக்க இடம் பத்தாமல் போனாலா?

அம்பாசமுத்திரத்துச் செண்பகவல்லிக்கு இந்தக் கேள்வி தாமதமாகத்தான் வந்தது. அதற்குள் சேலை போய்விட்டது.

செண்பகவல்லி டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எதைப் பிடித்தாலும் உடும்புப் பிடிதான். ஓய்வுக்குப் பிறகு அவள் குருவாகப் பிடித்தது மங்கை அம்மாவை.

மங்கை அம்மா ஊருக்கு வெளியே ஆற்றங்கரைத் தோட்டத்தில், ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தாள். குரு என்றதும் தாடியையும் தண்டத்தையும் தேடாதீர்கள். வயது முப்பத்தைந்து இருந்தால் அதிகம். கேட்டதற்குப் பதில் சொல்வாள்; இல்லாவிட்டால் கையிலிருக்கும் வேலையைப் பார்ப்பாள். அந்த இரண்டுக்காகவும் நாலு பேர் தேடி வந்தார்கள்.

"மக வயசுப் பிள்ளைய நீ அம்மாங்குத. அது உன்னை அக்காங்குது. இதுல யாருக்கு யாருட்டி குரு?" என்று சிரிப்பார் செண்பகவல்லியின் வீட்டுக்காரர் ஆவுடையப்பன்.

"அது உங்களுக்குப் புரியாது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

ஒரு மார்கழிக் காலையில் அவள் போனபோது மங்கை அம்மா வாசலில் உட்கார்ந்து ஒரு நூல் சேலைக்குக் கரை தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் அது பேனா மை நீலமாக இருந்திருக்கும். இப்போது சொட்டு நீலம் போட்ட வேட்டி அளவுக்குத்தான் நீலம்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்கக்கா."

"சோப்புலேருந்து சேலை வரைக்கும் எல்லாத்தையும் பின்னாடி திருப்பித் திருப்பிப் படிச்சுப் பாக்கேன். ஒண்ணுல விஷம், ஒண்ணுல பிளாஸ்டிக்கு. பூமிக்குக் கேடில்லாத நல்ல துணி எதும்மா? மனசறிஞ்சு கட்டுறதுக்கு எந்தக் கம்பெனித் துணி வாங்கட்டும்?"

மங்கை அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அவசரமா?"

"அவசரந்தான்."

"இதை முடிச்சிட்டுச் சொல்லுதேன்."

செண்பகவல்லி காத்திருந்தாள். வெயில் முற்றத்தைத் தாண்டிப் போனது. அம்மா சேலையை உதறி, மடித்து வைத்தாள்.

"முடிஞ்சுதாம்மா?"

"இல்ல. இன்னும் இருக்கு."

சரி, கேள்வியை மறந்துவிட்டாள் போல என்று செண்பகவல்லி தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பழுப்புத் தாள், சணல் கயிறு, கயிற்றில் தொங்கும் சீட்டு. சீட்டை மண்ணில் புதைத்தால் துளசி முளைக்குமாம்.

"மருந்தடிக்காத பருத்தி. மாதுளந்தோல்ல சாயம் போட்டது. மோந்து பாருங்க."

மங்கை அம்மா முகர்ந்து பார்த்தாள். "நல்லாருக்கு. யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்குத்தான் இருக்கே."

"எது? கொடியில கிடக்கே, அந்தக் கிளிப்பச்சையா? அது பாலியெஸ்டரும்மா. காலத்துக்கும் மக்காது. அதையாச்சும் தூக்கிப் போடுங்க."

"எங்க?"

"வெளிய."

"வெளியன்னா எங்கக்கா?"

"குப்பை வண்டியில."

"வண்டி எங்க போகும்?"

செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், குப்பை கொட்டும் மேட்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மாதுளைச் சேலை பொட்டலத்தோடு அவளுடனேயே வீடு திரும்பியது. வழியெல்லாம் யோசித்தாள். அம்மா துறவி, அவளுக்கு எதுவும் ஒட்டாது. குடும்பக்காரி நாம்தான் திருந்த வேண்டும். திருந்துவது என்று வந்துவிட்டால் அரைகுறையாகத் திருந்தக் கூடாது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் சாக்கில் பீரோ, டிரங்குப் பெட்டி, பரண் எல்லாவற்றையும் கவிழ்த்தாள். நைலக்ஸ், பாலியெஸ்டர் என்று தொடங்கியவள் கை வேகத்தில் நைந்த வேட்டி, சாயம் போன கைலிச் சாரம், பழைய நூல் சேலை என்று போய்விட்டாள். தெருவில் "பழைய துணிக்குப் பாத்திரம்ம்ம்" என்று குரல் கேட்டது.

பாத்திரக்காரி மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள்.

"யக்கா, எந்த அண்டா வேணும்?"

"அந்தப் பெருசு."

"பெருசுக்கு இது பத்தாதுக்கா. இன்னும் ஒரு சேலை போடுங்க."

வீட்டில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. வாடாமல்லி நிறச் சுங்குடி. வெள்ளைப் புள்ளிகளில் பாதி அழிந்து போயிருந்தன. செண்பகவல்லி அதைக் கையில் எடுத்தாள். மெத்தென்று இருந்தது. மகள் வடிவு பிறந்தபோது இதில்தான் தூளி கட்டினாள். நைட் டூட்டிக்குப் போகும் நாட்களில் இதைச் சுருட்டி அருகில் போட்டால்தான் பிள்ளை தூங்கும். அம்மா வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளும்.

"இது நல்லாருக்கேக்கா. இதையுமா?" என்று பாத்திரக்காரியே கேட்டாள்.

"புள்ளியெல்லாம் போயிட்டு. கொண்டு போ."

அண்டா பளபளவென்று அடுப்படிக்கு வந்து சேர்ந்தது.

பிறகு பெட்டிகள் வரத் தொடங்கின. கைநெசவுப் போர்வை ஒரு பெட்டியில். மூங்கில் பல்குச்சி ஒரு பெட்டியில். அரப்புத்தூள், மரச்சீப்பு, கற்றாழை சோப்பு, எல்லாம் தனித்தனிப் பெட்டியில்.

"பூமியக் காப்பாத்த எத்தனை வண்டி வருதுட்டி நம்ம தெருவுக்கு!" என்றார் ஆவுடையப்பன். பிறகு, "என் பழைய சாரம் எங்க?"

"போட்டாச்சு. புதுசு கட்டிலு மேல இருக்கு. சணல் நார்ல நெய்ஞ்சது."

கட்டிப் பார்த்தார். "பனையோலையச் சுத்துனாப்புல இருக்கு."

"பழகப் பழக மெதுவாகும்."

"அப்படி ஒண்ணு பழகித்தான் வச்சிருந்தேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே, தோளில் கிடந்த துண்டை இறுகப் பிடித்துக்கொண்டார். பாத்திரக்காரி வந்த அன்றைக்கு அவர் குளிக்கப் போயிருந்ததால் அந்தத் துண்டு தப்பித்தது.

பங்குனியில் வத்தல் போட மாவு காய்ச்சினாள். கூழை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போன பிறகுதான், விரிக்கப் பழைய வேட்டி இல்லை என்பது உறைத்தது. கூழோ ஆறிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் கடைக்கு ஓடி ஒரு பிளாஸ்டிக் விரிப்பை வாங்கி வந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். பேசியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அந்த வாரமே வடிவு தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கியவள், தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டாள்.

"ம்மா, அந்தச் சுங்குடிய எடுத்து வச்சிட்டியா?"

"எந்தச் சுங்குடி?"

"வாடாமல்லி. என் தூளிச் சேலை. என் பிள்ளைக்கும் அதுலதான் தூளி. அவர்கிட்டகூடச் சொல்லிட்டேன். அதுல எங்கம்மா வாசம் இருக்கும், அதுல படுத்தா எந்தப் பிள்ளையும் தூங்கிரும்னு."

செண்பகவல்லி அடுப்படியைப் பார்த்தாள். அண்டா மின்னியது.

"புதுசா ஒரு தூளித்துணி வாங்கியிருக்கேன்டி. மருந்தடிக்காத பருத்தி..."

"சுங்குடி எங்கம்மா?"

சொன்னாள். வடிவு கத்தவில்லை. "பரவால்லம்மா" என்றாள். உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

செண்பகவல்லி தெருத் தெருவாகப் பாத்திரக்காரியைத் தேடினாள். ஒரு நாள் ஆள் அகப்பட்டாள். "அதெல்லாம் மூட்டையோட மதுரைக்குப் போயிட்டுக்கா. கிழிச்சு ஒர்க்‌ஷாப்புக்கு மிஷின் துடைக்கக் கொடுத்திருப்பாவ" என்றாள். அண்டாவைத் திருப்பித் தந்தால் ஏதாவது வழி உண்டா என்று செண்பகவல்லி கேட்டதற்கு, அவளைப் பாவமாகப் பார்த்துவிட்டுத் தலைச்சுமையோடு நடந்துவிட்டாள்.

சித்திரையில் வடிவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் கதவை நீக்கித் தலையை நீட்டினாள்.

"பிள்ளையத் துடைச்சுப் பொதியணும். துவைச்ச பழைய நூல் துணி குடுங்க."

செண்பகவல்லி கூடையிலிருந்து புதுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். நர்ஸ் விரலால் தடவிப் பார்த்தாள்.

"மொடமொடங்குதே. பச்சைப்பிள்ளைத் தோலு உரிஞ்சிராதா? பழசு கொண்டாரலையா?"

"பழசு... எங்க வீட்டுல இல்ல."

"பழைய துணி இல்லாத வீடா?"

ஆவுடையப்பன் தோளிலிருந்து துண்டை உருவிக் கொடுத்தார். "காலையில துவைச்சதும்மா. உங்க கண்ணுக்காச்சும் இது ஆகுதான்னு பாருங்க."

பேத்தி தாத்தாவின் துண்டில் வந்தாள். அடுத்த அரைமணிக்குள் அதையும் நனைத்தாள். வார்டில் பக்கத்துக் கட்டில்களில் எல்லாம் பூப்போட்ட, கட்டம் போட்ட பழஞ்சேலைத் துண்டுகளில் பிள்ளைகள் சுருண்டு தூங்கின. வடிவு அதைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் செண்பகவல்லி தோட்டத்துக்குப் போனாள். ஆஸ்பத்திரிக்கென்று எடுத்துக் கட்டிய மாதுளைச் சேலை நடக்கும்போதெல்லாம் சரசரத்தது.

மங்கை அம்மா கிளிப்பச்சையைக் கட்டிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கொடியில் அந்த நீலச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. கரை முழுக்கத் தைத்து முடித்திருந்தது.

"வாங்கக்கா. பிள்ளை பொறந்தாச்சா?"

"பொம்பளைப் பிள்ளைம்மா." தெருவில் எத்தனை பேருக்கு நெகிழிப் பையைப் பற்றிப் பாடம் எடுத்தவள் அவள்! "அம்மா... உங்ககிட்ட பழைய துணி ஏதாச்சும்..."

மங்கை அம்மா குடத்தை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கொடியிலிருந்து நீலச் சேலையை உருவினாள். மடித்து அவள் கையில் வைத்தாள். வெயிலின் சூடு அதில் இருந்தது. சுங்குடி போலவே மெத்தென்று இருந்தது.

"இது உங்க மாத்துச் சேலையில்லா?"

"கட்டிக்கிட இது இருக்கே."

செண்பகவல்லி கிளிப்பச்சையைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"ஆனா எம்மக கேட்டது என் சேலையம்மா. என் வாசம் இருக்கிற சேலைய. அதுக்கு நான் எந்தக் கடைக்குப் போவேன்?"

"இன்னைக்கு இதைக் கட்டிக்கிடுங்க."

"நானா?"

"கட்டிக்கிட்டுச் சமைங்க. மககிட்டப் போயி உக்காருங்க. பேசாட்டியும் உக்காருங்க. வேர்க்கட்டும். ராத்திரி இதோடயே படுங்க. நாளைக்குத் தூளி கட்டும்போது அது உங்க சேலைதான்."

செண்பகவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. மாதுளைச் சேலையின் முந்தானையை எடுத்துத் துடைத்தாள். புதுத்துணி ஈரத்தைப் பிடிக்கவில்லை. கண்ணீர் கன்னத்திலேயே இழுகியது. இரண்டு தரம் துடைத்தும் போகாமல், கடைசியில் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

மங்கை அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு எந்தத் துணி நல்ல துணின்னு கேட்டீங்களே."

"அதை விடுங்கம்மா. அதைக் கேட்டுத்தான் இவ்வளவும்."

"இல்ல, சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன். அதுக்கு முன்ன எனக்கு ஒண்ணு வேணும். கேட்டாத் தருவீங்களா?"

"என்னம்மா இப்படிக் கேக்குதீங்க? எதுவானாலும் தாரேன்."

"நீங்க கட்டியிருக்கீங்களே, இந்தச் சேலை."

"இதுவா? அன்னைக்கே உங்களுக்குன்னுதானே கொண்டாந்தேன்!" செண்பகவல்லிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இப்பமே வீட்டுக்குப் போயி மாத்திட்டு, தேச்சு மடிச்சு..."

"இப்பம் வேண்டாம்." மங்கை அம்மா அந்த முந்தானையைக் கையில் எடுத்து, அதன் மொடமொடப்பை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தாள். "கட்டுங்க. துவைங்க. கிழிஞ்சா தைங்க. உங்க பேத்தி ஓடி வந்து இதுல மூக்கைச் சிந்தட்டும். கண்ணைத் துடைச்சா ஈரத்தைப் பிடிக்கிற பதத்துக்கு என்னைக்கு வருதோ, அன்னைக்கு எனக்குக் கொண்டாந்து தாங்க."