சறுக்கி உழுத செவலை

ஒரு மலைச்சரிவில் செவலை என்ற காட்டுப்பன்றியும் முள்ளி என்ற முள்ளம்பன்றியும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. இரண்டிடமும் மிச்சமிருந்தது ஒரு கூடை விதைக்கிழங்குதான். அதைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. நட்டது விளையாவிட்டால் கோடையில் பட்டினிதான்.

செவலை தன் நிலத்தின் உச்சியில் மூக்கைக் குத்தியது. அடிவாரம் வரை சறுக்கிக்கொண்டே உழுதது. மூன்று தரம் உழுது மண்ணை மாவாக்கிவிட்டது.

"பாத்தியா முள்ளி! நூல் பிடிச்ச மாதிரி உழவுச் சால்!"

முள்ளிக்கு ஒன்றைக் கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும். "ஏன் அண்ணே மேலேயிருந்து கீழே உழுறீங்க?"

"குறுக்கே நடந்தா ஒரு பக்கத்துக் காலு வலிக்குது!"

அட, இவ்வளவுதானா காரணம்! முள்ளி தன் உதிர்ந்த முள் ஒன்றை எடுத்து அந்த மண்ணில் குத்திப் பார்த்தது. நாலு விரல் ஆழம் வழுக்கிக்கொண்டு இறங்கிய முள், டக்கென்று நின்றுவிட்டது.

"அண்ணே, அடியில கெட்டியா இறுகிக் கிடக்கே?"

"மூணு தரம் மிதிச்சா இறுகாதா? மேல பாரு, எப்படிப் பொலபொலன்னு இருக்கு!"

முள்ளி இலையில் தண்ணீர் மொண்டு வந்து சாலில் ஊற்றியது. தண்ணீர் உள்ளே இறங்கவே இல்லை. மண்ணையும் இழுத்துக்கொண்டு கீழே ஓடியது. அப்படியா சங்கதி!

முள்ளி தன் நிலத்தைச் சரிவுக்குக் குறுக்கே, ஒரே ஒரு தரம் உழுதது. காய்ந்த புல்லையும் மேலேயே விட்டுவைத்தது.

"இது உழவா, பாம்பு போன தடமா!" என்று செவலை விழுந்து விழுந்து சிரித்தது.

இரண்டும் கிழங்கை நட்டன. மறுநாள் காலையில் மழை கொட்டியது.

செவலையின் சால் ஒவ்வொன்றும் ஓடையாகிவிட்டது. மாவு மண்ணும் கிழங்கும் சேர்ந்தே உருண்டன. முள்ளியின் கோணல் சால்களோ தண்ணீரை மறித்து நிறுத்தி, மெல்ல மெல்லக் குடித்தன.

மழை விட்டதும் செவலை வெறும் கட்டாந்தரையில் நின்றது. அடிவாரக் குளத்துக்கு ஓடியது. அங்கே ஒரு தவளை கத்தியது: "வாங்க! உங்க நிலம் பூரா இங்கதான் கிடக்கு. என் குளமே பாதி தூர்ந்துபோச்சு! கிழங்கா? அது சேத்துக்குள்ள எங்க இருக்கோ!"

பாவம், செவலைக்கு அழுகையே வந்துவிட்டது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது.

"என் விளைச்சல்ல பாதி தர்றேன் அண்ணே. அடுத்த தரம் குறுக்கே உழுவீங்களா?"

"காலு வலிக்குமே!"

"போகும்போது இடது காலு வலிச்சா, திரும்பி வரும்போது வலது காலு வலிக்கும். ரெண்டும் சமமாயிடும்!"

செவலை தன் நான்கு கால்களையும் குனிந்து பார்த்துக்கொண்டது. இது ஏன் நமக்குத் தோன்றவில்லை?

செய்யும் வேலையில் நம் வசதியை மட்டுமே பார்த்தால், அதன் பலன் நம் கையை விட்டுச் சறுக்கிப் போய்விடும்.