எழுதுயானையின் காதில் கடைசியாக விழுந்த குரல்

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஓர் ஆமை ஏமாந்தது. ஏமாந்தது அதற்குத் தெரியவரும் இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் ஆமை அல்லவா, மெதுவாகத்தான் தெரியவரும். அதுவரை சிரிப்பை அடக்கி வையுங்கள்.

கணினிக்குள் ஒரு காடு. அங்கே யார் எதை எழுதினாலும் எழுதுயானையின் விலாவில்தான் எழுத வேண்டும். இன்று எடிட்டர் என்கிறோமே, அதேதான். தங்கமான யானை. ஒரே குறை, தூங்கி எழுந்தால் எழுதியது அப்படியே இருக்கும், தான் எப்படி இருந்தது என்பது மட்டும் மறந்துபோகும். எழுப்பியதும் கண்ணை மூடியபடியே, "நான் எப்படி இருக்கணும்?" என்று கேட்கும். ஒரே விஷயத்தை இரண்டு பேர் சொன்னால், கடைசியாகக் காதில் விழுந்ததுதான் நிற்கும்.

யானையைப் பழக்கியவர் ஆமையார். சின்னவர்கள் முதலில் பேச வேண்டும், பெரியவர் பேசி முடித்து வைக்க வேண்டும் என்பது அவர் வழக்கம்.

வௌவால் அக்காவுக்கு அந்த வழக்கம்தான் வினை. பாதிக்கதை எழுதி வைத்திருந்தாள். வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தால் கண் கூசி நீர் கொட்டும். "பக்கம் கறுப்பா இருக்கட்டும்" என்பாள். யானை கறுக்கும். உடனே ஓட்டுக்குள்ளிருந்து ஆமையார், "பக்கம் வெள்ளை" என்பார். மறுபடி வெளுத்துவிடும்.

"நாளைக்கும் இப்படின்னா எழுதறதையே விட்டுடப் போறேன்" என்றாள் வௌவால்.

மேல்கிளையில் இருந்த துடுப்புவால் கரிச்சான் குருவிக்கு இது பொறுக்கவில்லை. காட்டில் அவன் பேசிக் காட்டாத குரல் கிடையாது. குரங்கின் கொட்டாவியைக்கூட விட்டு வைத்ததில்லை.

"அக்கா, நாளைக்கு ஆமையார் தலையை உள்ளே இழுக்கிற வரைக்கும் நீ வாயே திறக்காதே."

"அப்போ முதல்ல யார் பேசுவா?"

"நீதான்" என்றான், அவள் குரலிலேயே.

மறுநாள் யானை எழுந்தது. "நான் எப்படி இருக்கணும்?"

கரிச்சான் வௌவாலின் கீச்சுக் குரலில், "பக்கம் பூசணிப்பூ மஞ்சள். எழுத்து ஒவ்வொண்ணும் பலாப்பழம் பருமன்" என்றான்.

யானை மஞ்சளானது. ஓர் 'அ' மட்டும் விலா முழுக்கப் படுத்துக்கொண்டது.

"பாவம், பொண்ணுக்குப் பித்தம்" என்று முனகிய ஆமையார் நிதானமாகச் சொன்னார்: "பக்கம் வெள்ளை. எழுத்து கறுப்பு, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. இடப்பக்கம் வரி எண். டேப் தட்டினா எட்டு இடம் தள்ளணும். அவ்வளவுதான்." தலை உள்ளே போனது.

அப்போது நிஜ வௌவால் மெல்லச் சொன்னாள்: "பக்கம் கறுப்பு. எழுத்து வெள்ளை."

யானை இருண்டது. அவள் விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். கண் கூசவில்லை.

எழுதும் சத்தம் கேட்டு ஆமையார் தலையை நீட்டினார். "என் பேச்சுக்கு மேல பேச்சா?"

"பெரியவரே, பாருங்க" என்றாள் அவள். "ரெண்டே ரெண்டுதான் மாத்தினேன். வரி எண், எழுத்தோட அளவு, எட்டு இடம், எல்லாம் நீங்க சொன்னபடிதான் நிக்குது. இதெல்லாம் எனக்குத் தோணியே இருக்காது."

ஆமையார் விலா நெடுகப் பார்த்தார். தாம் சொன்னது அடித்தளமாக அப்படியே இருந்தது. கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து, சொல்லப்போனால், அழகாகவும் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. இனிமே நானே முதல்ல சொல்லிடறேன். உனக்கு வேண்டியதை ஓர் ஓலையில எழுதி யானை காதுல மாட்டிடு, கடைசியா அதைப் படிச்சுக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா பலாப்பழம் பருமன்ல எழுத்து எதுக்கும்மா?"

"நான் எப்போ கேட்டேன்?"

"கேட்டியே. மஞ்சள் பக்கம் வேற."

"இல்லையே பெரியவரே. நான் ஒரு தடவைதானே பேசினேன்?"

கிளையிலிருந்து ஆமையாரின் சொந்தக் குரல் இறங்கி வந்தது: "பாவம், பொண்ணுக்குப் பித்தம்."

ஆமையாரின் கழுத்து மெல்ல, மிக மெல்ல, மேலே திரும்பியது.

அன்று முதல்தான் எந்த எடிட்டரைத் திறந்தாலும் அது தன் சொந்த அமைப்புகளை முதலில் சொல்லிக்கொள்கிறது, நாம் மாட்டிய ஓலையைக் கடைசியில் படிக்கிறது, அதில் எழுதியிருப்பதை மட்டும் மாற்றிக்கொள்கிறது.